பக்கத்து வீட்டுச் சுவிட்ச்

நீலக்கண் கொண்ட அப்பாவுக்கும் நீலக்கண் கொண்ட அம்மாவுக்கும் பழுப்புக்கண்ணோடு ஒரு குழந்தை பிறக்குமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளியில் உயிரியல் படித்த பலர் ‘பிறக்காது’ என்றே சொல்வார்கள். பாடப்புத்தகம் அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பதில் வகுப்பறையோடு நின்றிருந்தால் பெரிய கேடு இல்லை. அது வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு, ‘இது நம் பிள்ளைதானா’ என்று தாயைச் சந்தேகிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

சரியான பதில்: பிறக்கும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், கண்ணின் நிறத்தை வைத்து ஒருவரின் முன்னோரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

முதலில் அந்த நிறம் எங்கே இருக்கிறது? பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, கைக்கண்ணாடியில் உங்கள் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். நடுவில் உள்ள கறுப்பு வட்டம் பாவை. அது ஒரு பொருளல்ல, துளை. ஒளி உள்ளே போகிற வழி. அதைச் சுற்றி வளையமாக இருக்கும் நிறமுள்ள பகுதிதான் ஐரிஸ். கதிராளி என்றும் சொல்வார்கள். எட்ட நின்று பார்த்தால் ஒரே நிறமாகத் தெரிகிற இந்த வளையம் கிட்டத்தில் அப்படி இருக்காது. பாவையின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய இழைகள் ஓடும். உள்வட்டம் ஒரு சாயலில் இருக்கும், வெளிவிளிம்பு இன்னும் கறுத்திருக்கும். சிலருக்கு இடையிடையே மச்சம்போலப் புள்ளிகள் தெரியும். நாம் ‘கறுப்புக் கண்’ என்று சொல்வதும் நல்ல வெளிச்சத்தில் அடர்பழுப்பாகத்தான் இருக்கும்.

ஐரிஸில் இரண்டு அடுக்குகள் உண்டு. பின்னடுக்கு மிக மெல்லியது; மெலனின் என்ற கருநிறமி அதில் அடைந்து கிடக்கும். நீலக்கண்காரர், பழுப்புக்கண்காரர் என்ற பேதமில்லாமல் ஏறக்குறைய எல்லோருக்கும் இது ஒன்றுபோலவே இருக்கிறது. வேறுபாடெல்லாம் முன்னடுக்கில்தான். இழைகள் தளர்வாகப் பின்னிக்கிடக்கும் அந்த அடுக்கில் மெலனின் நிறைய இருந்தால், விழுகிற ஒளியை அது விழுங்கிக்கொள்ளும். கண் பழுப்பாகத் தெரியும். மிகக் குறைவாக இருந்தால் ஒளியின் செம்பாகம் இழைகளைக் கடந்து பின்னடுக்குக்குப் போய் அங்கே அடங்கிவிடும். நீலப்பாகம் மட்டும் இழைகளில் பட்டுச் சிதறி வெளியே திரும்பும். பார்க்கிறவருக்கு நீலம். ஆக, நீலக்கண்ணில் நீலச்சாயம் என்று ஒன்று கிடையாது. வானத்தின் நீலத்துக்கும் சாயம் எதுவும் காரணமில்லை, ஒளிச்சிதறல்தான் காரணம். முன்னடுக்கில் கொஞ்சமாக மெலனினும் இருந்து, இந்தச் சிதறலும் சேர்ந்துகொண்டால் பச்சையும் தேன்நிறமும் கிடைக்கின்றன. ஐரோப்பியக் குழந்தைகள் பல பிறந்தபோது நீலக்கண்ணோடு இருந்து, போகப்போகப் பழுப்பாக மாறுவதும் இதனால்தான். முன்னடுக்கில் மெலனின் சேரச் சில மாதங்கள், சிலருக்குச் சில வருடங்கள் ஆகின்றன.

எனவே கண் நிறம் என்பது ‘எந்தச் சாயம்’ என்ற கேள்வியே அல்ல, ‘எவ்வளவு மெலனின்’ என்ற கேள்வி. அளவு என்று வந்துவிட்டால் கூடுதல், குறைவு, இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ படிகள் என்று வந்துவிடும். நூறு வருடங்களுக்கு முன் இதை ஆராய வந்தவர்கள் இந்தப் படிகளைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டே பெட்டிகள்.

பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்டறிந்த விதிகள் 1900-இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. மனிதரிலும் அப்படி ஒரு பண்பைக் காட்டிவிட வேண்டும் என்று பலரும் தேடினார்கள். அமெரிக்காவில் சார்ல்ஸ் டேவன்போர்ட், அவர் மனைவி கெர்ட்ரூட் டேவன்போர்ட் இருவரும் 1907-இல் கண் நிறத்தைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் என்பவர் லெஸ்டர்ஷயரின் பர்பேஜ் கிராமத்துக் குடும்பங்களின் கண்களைப் பார்த்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். பழுப்பு ஓங்குபண்பு, நீலம் ஒடுங்குபண்பு. ஒவ்வொருவரிடமும் அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று மரபணுவின் இரண்டு படிகள், அதாவது நகல்கள், உண்டு. ஒன்று பழுப்பாக இருந்தாலே கண் பழுப்பு. நீலமாவதற்கு இரண்டும் நீலமாக இருக்க வேண்டும். பழுப்புக்கண் பெற்றோருக்கு நீலக்கண் பிள்ளை பிறக்கிற மர்மத்தை இது அழகாக அவிழ்த்தது: இருவரும் ஒரு நீலப்படியை வெளியே தெரியாமல் வைத்திருந்து பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதே கணக்குப்படி நீலக்கண் பெற்றோரிடம் கொடுப்பதற்குப் பழுப்புப்படியே கிடையாது. பழுப்புக்கண் பிள்ளை பிறக்கவே முடியாது.

பிறந்தது. 1909-லேயே அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் விதிக்கு அடங்காத குடும்பங்களை எழுதி வெளியிட்டுவிட்டார்கள். பாடப்புத்தகங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பெட்டிக் கணக்கு, வகுப்பில் நடத்துவதற்கு அவ்வளவு வசதியாக இருந்தது. இதே டேவன்போர்ட் 1910-இல் இனமேம்பாட்டுப் பதிவகம் ஒன்றைத் தொடங்கி, யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்பதற்கெல்லாம் குடும்ப அட்டவணைகளை ஆதாரமாகக் காட்டப் போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதரை இரண்டு பெட்டிக்குள் அடைக்கும் கணக்கு அறிவியல் என்ற பெயரில் வரும்போது அது யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அந்தப் பதிவகம் ஒரு சாட்சி.

விதி எங்கே பிசகியது என்பதற்கு ஒரு தெளிவான தடயம் 1952-இல் கிடைத்தது. கண்ணிலும் தோலிலும் நிறமி இல்லாமல் பிறப்பதை அல்பினிசம் என்கிறோம். அப்படிப் பிறந்த ஒரு கணவன் மனைவிக்குச் சாதாரண நிறத்தோடு குழந்தைகள் பிறந்ததை பேட்ரிக் ட்ரெவர்-ரோப்பர் என்ற பிரிட்டிஷ் கண் மருத்துவர் பதிவுசெய்தார். யோசித்துப் பார்த்தால் இதில் மர்மமில்லை. மெலனின் உருவாக உடலில் பல வேலைகள் வரிசையாக நடக்க வேண்டும். தந்தைக்கு அவற்றில் ஒரு வேலை நின்றுபோயிருக்கிறது, தாய்க்கு வேறொன்று. தந்தையிடம் கெட்டது தாயிடம் நன்றாக இருக்கிறது. தாயிடம் கெட்டது தந்தையிடம் நன்றாக இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நல்ல படி ஒவ்வொன்று கிடைத்துவிட்டது. பார்வைக்கு ஒரே பண்பு. உள்ளே காரணம் வேறு வேறு. கண் நிறத்தைப் பற்றி நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் காரணங்களில் மிகப் பெரியது எது என்று தேடும் வேலை டென்மார்க்கில் சூடுபிடித்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஐபெர்க்கும் சகாக்களும் குடும்பம் குடும்பமாக ரத்தமாதிரி எடுத்து, கண் நிறத்தோடு கூடவே தலைமுறை இறங்கிவருகிற டி.என்.ஏ. பகுதி எது என்று பார்த்தார்கள். 1996-இல் அது 15-ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. அந்த வட்டாரத்தில் ஓசிஏ2 என்ற மரபணு இருக்கிறது. அது கெட்டால் ஒருவகை அல்பினிசம் வரும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். மெலனின் தயாராவது மெலனோசோம் என்ற நுண்பைகளில். அந்தப் பைக்குள் புளிப்பு கூடினால் மெலனின் செய்யும் நொதி மந்தமாகிவிடும். ஓசிஏ2 தருகிற புரதம் பையின் புளிப்பைக் குறைத்து வைக்கிறது. சந்தேகப்படுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் நீலக்கண்காரர்களின் ஓசிஏ2-ஐ எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களிடம் அந்த மரபணு ஒழுங்காகவே இருந்தது.

விடை 2008-இல் வந்தது. டென்மார்க், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து என்று தனித்தனியாக வேலைசெய்த குழுக்கள் ஒரே வருடத்தில் ஒரே இடத்தைச் சுட்டின. பிழை ஓசிஏ2-இல் இல்லை, அதை அடுத்து இருக்கும் ஹெர்க்2 என்ற மரபணுவுக்குள் இருந்தது. அதிலும் புரதம் செய்வதற்குப் பயன்படாத ஓர் இடைப்பகுதியில். மனித டி.என்.ஏ.வின் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் அந்த ஓர் இடத்தில் ‘ஏ’ இருந்தால் பெரும்பாலும் பழுப்பு. இரண்டு படியிலும் ‘ஜி’ இருந்தால் பெரும்பாலும் நீலம்.

வேலை செய்கிற மரபணு ஒன்று, எழுத்து மாறியது இன்னொன்றில். இது எப்படி? மாடிவீட்டுப் படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் பக்கத்து வீட்டுச் சுவரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியவில்லை என்று பல்பைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தால் பல்பு நன்றாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த விளக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் வீட்டுச் சுவர், அவ்வளவுதான். ஹெர்க்2-வும் அப்படித்தான், இடம் கொடுத்திருக்கிறது. இதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் நிறமிச் செல்களில் நேரில் காட்டினார்கள். டி.என்.ஏ. இழை வளைந்து, சுவிட்ச் இருக்கும் துண்டு ஓசிஏ2-வின் தொடக்கத்தைப் போய்த் தொடுகிறது. அப்படித் தொட்டால்தான் ஓசிஏ2 முழுவீச்சில் வேலை செய்யும். கறுத்த நிறத்தவரின் செல்களில் இந்தத் தொடுகை அதிகம். ‘ஜி’ எழுத்துள்ள வெளிர்நிறச் செல்களில், இழையை வளைத்துப் பிடிக்கும் புரதங்களுக்கு அங்கே பிடிப்புக் குறைவு. தொடுகை குறைகிறது, ஓசிஏ2 தணிகிறது, மெலனினும் குறைகிறது.

இது பெரிய சுவிட்ச் என்றாலும் ஒரே சுவிட்ச் அல்ல. ஏறக்குறைய 1,95,000 பேரை ஆராய்ந்து 2021-இல் வந்த ஆய்வு, கண் நிறத்தைத் தொடும் 61 இடங்களை நம் டி.என்.ஏ.வில் குறித்துக் கொடுத்தது. பல இடங்கள் தரும் வேறுபாடு சிறியது. ஒன்று கொஞ்சம் கூட்டும், ஒன்று கொஞ்சம் குறைக்கும். முதல் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. நீலக்கண் பெற்றோர் இருவரும் ஒரே காரணத்தால் நீலக்கண்காரர் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இவரிடம் குறைவது அவரிடம் இருந்தால், பிள்ளையின் கண்ணில் மெலனின் நிறைந்துவிடும். தாயைச் சந்தேகிப்பதற்கு இதில் ஒரு துளி ஆதாரமும் கிடையாது.

இனி முன்னோர் விஷயத்துக்கு வருவோம். 2008-இல் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டது, ‘நீலக்கண்காரர் எல்லோருக்கும் ஒரே மூதாதை’ என்பதுதான். அதற்கு ஐபெர்க் குழு வைத்த ஆதாரம் வலுவானது. டி.என்.ஏ. தலைமுறை இறங்கும்போது அடுத்தடுத்த எழுத்துகள் கூட்டமாகவே இறங்கும். நீண்ட காலத்தில்தான் அந்தக் கூட்டம் கலையும். டென்மார்க்கில் 155 நீலக்கண்காரர்களையும், துருக்கியிலும் ஜோர்டானிலும் சிலரையும் எடுத்துப் பார்த்தபோது, ‘ஜி’யின் இருபுறமும் இருந்த எழுத்துகளும் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றாகவே இருந்தன. பல இடங்களில் பல முறை தனித்தனியாக எழுத்து மாறியிருந்தால் அக்கம்பக்கம் இப்படி ஒத்துப்போகாது. மாற்றம் ஒருமுறை, ஒருவரிடம் நிகழ்ந்து, அவர் வழியாகப் பரவியிருக்கிறது.

ஆனால் அந்தத் தலைப்பைப் படித்தவர்கள் மனத்தில் எழுந்த படம் வேறு: எங்கோ ஒரு நீலக்கண் மனிதர், அவருடைய வம்சம் ஒரு தனிக்குலம். முதலில், அந்த முதல் ஆளின் கண் நீலமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அவரிடம் மாறியது ஒரு படிதான். நீலத்துக்கு இரண்டு வேண்டும். அவர் பிள்ளைகளில் பாதிப் பேர் அதை வெளித்தெரியாமல் சுமந்திருப்பார்கள். தலைமுறைகள் பல கழித்து, அந்த எழுத்தைச் சுமந்த இருவர் சேர்ந்தபோதுதான் முதல் நீலக்கண் திறந்திருக்கும். இரண்டாவது, அந்த ஆளின் வாரிசுகள் பழுப்புக்கண்காரர்களிலும் ஏராளம். அவர் வழி வந்தவர்களில் பலருக்கு அந்த ஓர் எழுத்து மட்டும் கைமாறாமல் விட்டுப்போயிருக்கும், அவ்வளவே.

காலத்தைப் பற்றியும் புதைகுழிகள் திருத்தம் சொல்லியிருக்கின்றன. ஐபெர்க் குழு 6,000 முதல் 10,000 வருடம் என்று மதிப்பிட்டது. பின்னால் பழைய எலும்புகளிலிருந்தே டி.என்.ஏ. எடுக்க முடிந்தபோது, இத்தாலியின் வில்லப்ரூனாவில் சுமார் 14,000 வருடங்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரிடமே அந்த ‘ஜி’ இருந்தது. அதைவிட வியப்பு ஸ்பெயினில். லியோன் மாகாணத்து மலைக்குகை ஒன்றில், லா பிரான்யா என்ற இடத்தில், 2006-இல் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது சுமார் 7,000 வருடம். குகையின் குளிரில் கெடாமல் இருந்த ஒரு பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, 2014-இல் முழுவதும் படித்து வெளியிட்டார்கள். கண்ணுக்கான எழுத்துகள் நீலம் என்றன. இன்றைய ஐரோப்பியரின் வெளிர்தோலுக்குக் காரணமான முக்கிய எழுத்துகளோ அவரிடம் இல்லை. நீலக்கண்ணும் கறுத்த தோலுமாக ஒரு வேட்டைக்காரர். இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்குக் குகையில் 1903-இல் கண்டெடுத்த, ஏறக்குறைய 10,000 வருடப் பழைய மனிதரின் டி.என்.ஏ.வும் 2018-இல் இதே மாதிரிதான் பேசியது.

வெள்ளைத்தோலும் நீலக்கண்ணும் கூடப்பிறந்தவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் அவை அப்படி வரவில்லை. கண்ணின் எழுத்து அங்கே பழைய வேட்டைக்காரர்களிடம் இருந்தது. தோலின் எழுத்துகளைப் பெருமளவில் கொண்டுவந்தவர்கள் இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த உழவர்கள். பின்னால் கலந்தார்கள். ‘தூய’ இனத்தின் அடையாளமாக ஒரு காலத்தில் தூக்கிப்பிடித்த அந்த முகமே கலப்பினால் வந்தது.

சரி, ஒருவரின் கண் அவருடைய முன்னோரைப் பற்றி எவ்வளவு சொல்லும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்துத் தலைமுறைக்கு முன்னால் 1,024 இடங்கள். அந்த ஹெர்க்2 சுவிட்சின் இரண்டு படிகள் உங்களுக்கு வந்தது அந்த 1,024 பேரில் இரண்டே பேரிடமிருந்து. மீதி 1,022 பேரைப் பற்றி அந்தச் சுவிட்ச் வாயே திறக்காது. வம்சாவளியைச் சொல்லும் சோதனைகள் லட்சக்கணக்கான இடங்களை ஒன்றாகப் பார்ப்பது இதனால்தான். குற்றவிசாரணையில் டி.என்.ஏ.விலிருந்து கண் நிறத்தைக் கணிக்க 2011-இல் வந்த ஐரிஸ்பிளெக்ஸ் சோதனை ஆறு இடங்களைப் பார்க்கிறது. நீலத்தையும் பழுப்பையும் நன்றாகவே சொல்லும், நடுச்சாயல்களில் தடுமாறும். அது சொல்வதும் நிறத்தைத்தான், குலத்தை அல்ல.

தோற்றத்தை வைத்துக் குலத்தை ஊகித்து ஏமாந்ததற்குச் சாலமன் தீவுகளைப் போல இன்னோர் உதாரணம் கிடைக்காது. பசிபிக் கடலில் உள்ள அந்தத் தீவுகளில் கறுத்த தோல் கொண்ட மக்களில் பத்தில் ஒருவர் வரை பொன்னிற முடியோடு இருக்கிறார்கள். ஐரோப்பிய மாலுமிகள் விட்டுப்போனது என்று வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லிவந்தார்கள். 2012-இல் மரபணுவைப் பார்த்தபோது, அந்தப் பொன்னிறத்துக்குக் காரணம் டிஒய்ஆர்பி1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம் என்று தெரிந்தது. அது ஐரோப்பியரிடம் இல்லாத மாற்றம். அந்தத் தீவுக்காரர்களின் முடி அவர்களுடையதே.

நம் ஊர்களில் பூனைக்கண்ணோடு பிறந்தவர்களும் இதே பேச்சைக் கேட்டு வளர்கிறார்கள். ‘எந்தத் தலைமுறையிலோ வெள்ளைக்காரன் கலந்திருப்பான்’ என்று உறவுக்காரர்களே வாய்கூசாமல் சொல்வார்கள். சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா? தேன்நிறமும் வெளிர்பழுப்பும் மெலனின் அளவின் படிகள். 61 இடங்களில் எந்தெந்தக் கூட்டு அந்தப் படியைத் தந்தது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. ‘ஜி’ எழுத்தே இருந்தாலும் அதுவும் நேற்றுக் கப்பலில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் ஜீனோம் திட்டம் பல நாட்டு மக்களின் டி.என்.ஏ.வைப் படித்துப் பொதுவில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அதில் ஒரு பிரிவு. அதன்படி ஐரோப்பியப் படிகளில் பாதிக்கு மேல் ‘ஜி’. தெற்காசியப் படிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் இருக்கிறது. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து மக்கள் இந்தியாவுக்குள் வந்து கலந்தது ஏறக்குறைய 3,500 வருடங்களுக்கு முன்னால். அந்தக் கலப்பின் பங்கு கூடியும் குறைந்தும் துணைக்கண்டத்தில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது. பூனைக்கண்ணரை மட்டும் தனியாக நிறுத்தி வைத்துக் கேட்பதில் நியாயமே இல்லை.

வெளிர்பழுப்புக் கண் நோயல்ல. எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நம் குடும்பங்களில் எப்போதாவது பளிச்சென்ற நீலக்கண்ணோடு, அல்லது ஒரு கண் நீலமும் ஒரு கண் பழுப்புமாக ஒரு குழந்தை பிறக்கும். சிலருக்கு நெற்றிமேல் ஒரு கொத்து முடி வெள்ளையாக இருக்கும். இது வார்டன்பர்க் நோய்க்குறித்தொகுப்பாக இருக்கலாம். டச்சு மருத்துவர் பீட்ரஸ் வார்டன்பர்க் 1951-இல் இதை விவரித்தார். கருவில் குழந்தை வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கண், முடி, தோல் என்று போய்ச் சேர வேண்டும். பாக்ஸ்3 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடும். கண்ணுக்குப் போக வேண்டிய செல்கள் போகாததால் நீலம். இதே நிறமிச் செல்கள் உட்காதுக்கும் போக வேண்டியவை. அங்கே அவை இல்லாவிட்டால் காது கேட்காது. அதனால் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் பாட்டனார் யார் என்று பேசிக்கொண்டிருக்காமல், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும்திறன் சோதனை செய்துவிட வேண்டும். குறை இருந்தால் சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது. காதுக்கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட், சைகைமொழி என்று தேவையானதைப் பேச்சு பழகும் பருவத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம்.